யூனியன் ஆபீஸ் சேவை எப்படி? செட்டிநாட்டுக் கிராமத்திலிருந்து ஒரு விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூனியன் ஆபீஸில், அதாவது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில், நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒன்றியக் குழு இருந்த காலத்துக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். குழு இல்லாமல் அரசாங்கம் போட்ட தனி அலுவலர் மட்டும் இருந்த காலத்துக்கு ஒன்றரைக்கு மேல் மனசு வரவில்லை. கட்டடம் அதேதான், பிடிஓவும் (வட்டார வளர்ச்சி அலுவலர்) அதே மாதிரிப் பரீட்சை எழுதி வந்தவர்தான், கிளார்க்குகளும் அதே ஆட்கள்தான். ஆனாலும் அந்தச் சேவையும் இந்தச் சேவையும் ஒன்றில்லை என்பது என் அனுபவம். கிராமத்தில் இருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நேரடியாகப் பயன்படும்.

செட்டிநாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய வீடும் ஆத்தங்குடிக் கல்லும் சாப்பாடும்தான் நினைப்புக்கு வரும். நிர்வாகக் கணக்கில் பார்த்தால் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்திலும் பிரிந்து கிடக்கிற வட்டாரம் இது. காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, தேவகோட்டை நகராட்சி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் எல்லாம் பேரூராட்சி. அங்கெல்லாம் இருப்பவர்களுக்கு யூனியன் கிடையாது, அதனால் நான் சொல்வது அவர்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. மற்ற கிராமங்கள் சிவகங்கைப் பக்கம் சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, கண்ணங்குடி, திருப்பத்தூர் ஒன்றியங்களிலும், புதுக்கோட்டைப் பக்கம் திருமயம், அரிமளம், பொன்னமராவதி ஒன்றியங்களிலும் வரும். எங்களுடையது இதில் எது என்று எழுதவில்லை. அங்கே வேலை பார்ப்பவர்களைச் சங்கடப்படுத்துவது என் நோக்கம் இல்லை, இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது, எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம்.

அடிப்படையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஓட்டுப் போட்டவர்களிலேயே பாதிப் பேருக்கு யாருக்கு எதற்காகப் போட்டோம் என்று தெரியவில்லை. ஊரக உள்ளாட்சித் தேர்தலில் நம் கையில் நான்கு சீட்டு கொடுப்பார்கள். வெள்ளைச் சீட்டு வார்டு மெம்பருக்கு, இளஞ்சிவப்பு ஊராட்சித் தலைவருக்கு, பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு. முதல் இரண்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது, பச்சையிலும் மஞ்சளிலும் உண்டு. ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு ஒன்றியக் கவுன்சிலர், 50,000 பேருக்கு ஒரு மாவட்டக் கவுன்சிலர். ஊராட்சித் தலைவரை நாமே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் சேர்மன் யார் என்பதை ஜெயித்த கவுன்சிலர்கள் கூடி முடிவு பண்ணுகிறார்கள். மூன்று அடுக்கும் 1992-ல் கொண்டுவந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தையும், அதையொட்டி வந்த 1994-ஆம் வருஷத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் வைத்து நடக்கின்றன.

அப்புறம் ஆபீஸ் பக்கம். யூனியன் ஆபீஸில் பிடிஓ இரண்டு பேர். ஒருவர் வட்டார ஊராட்சி, இன்னொருவர் கிராம ஊராட்சி. ஒன்றியக் குழுவின் தீர்மானங்களை நிறைவேற்ற வேண்டியவர் முதல் ஆள். கிராம ஊராட்சிகளின் கணக்கு வழக்கு, தலைவர்களின் வேலை இதையெல்லாம் பார்ப்பவர் இரண்டாவது ஆள். ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரிப் பச்சை மை. மாற்றிக் கொடுத்த மனு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போகவே வாரக்கணக்காகும். புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்ல வாசலில் ஒரு ஆளை உட்கார வைத்தால் போதும், இந்தச் சேவைக்கு அரை மதிப்பெண் கூடிவிடும். பெரிய செலவில்லை. ஏன் இதைச் செய்ய மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

எந்த வேலை யாருடையது என்பதுதான் முதல் குழப்பம். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், ஊருணி, ஊருக்குள் இருக்கும் சாலை இதெல்லாம் கிராம ஊராட்சி. ஒரு ஊரையும் அடுத்த ஊரையும் இணைக்கிற ஒன்றியச் சாலை, ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிக் கட்டடங்கள், சின்னக் கண்மாய்கள் இதெல்லாம் யூனியன். பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறைக்காரர்களுடையது. காவிரிக் கூட்டுக் குடிநீர் என்றால் தொட்டி வரைக்கும் குடிநீர் வடிகால் வாரியம், தொட்டியிலிருந்து வீட்டுக்கு வருவது ஊராட்சி. பேருந்து நிறுத்தத்தில் இருட்டாக இருக்கிறது என்று ஒரு ஆச்சி கலெக்டருக்கு மனு எழுதச் சொல்லி என்னிடம் வந்தார். "ஆச்சி, கலெக்டர் வேண்டாம், கிளார்க்கிடமே சொல்வோம், வாங்க" என்று ஊராட்சிச் செயலரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வாரமே பல்பு எரிந்தது. இடம் தெரிந்து கேட்டால் கிராம ஊராட்சிச் சேவை உண்மையிலேயே வேகமானது.

கண்மாய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம்ம வட்டாரத்துக்கு அதுதான் உயிர். ஆயக்கட்டு என்கிற பாசன நிலம் 100 ஏக்கருக்கு மேல், அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் அது பொதுப்பணித் துறைக் கண்மாய், இப்போது நீர்வளத் துறை என்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் யூனியன் கண்மாய். பெரிய ஆறு ஓடாத பூமி நம்முடையது. மழை பெய்து கண்மாய் நிறைந்தால்தான் நெல், இல்லையென்றால் கருவேல மரம்தான். சின்னக் கண்மாய் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்கிற பொறுப்பு யூனியனிடம் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மேல்தளத்து மழைத்தண்ணீர் ஊருணிக்குப் போகிற மாதிரி வாய்க்கால் வெட்டி ஊர் கட்டின ஆட்களுடைய பூமியில், கண்மாய்க்கு யார் பொறுப்பு என்று இப்போது விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர்க் கண்மாயில் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற கீழ்மடையின் பலகை உடைந்து, கார்த்திகை மாதத்தில் கண்ணுக்கு எதிரே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மண் மூட்டை போட்டு அடைத்தோம், இரண்டு நாள் நிற்கும், அரித்துக்கொண்டு மறுபடி போகும். முதலில் பெரிய கண்மாய்களைப் பார்க்கிற ஆபீஸுக்குப் போனோம். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு இது எங்கள் கண்மாய் இல்லை, யூனியனுக்குப் போங்கள் என்றார்கள். அதுவரைக்கும் சரி, பதில் தெளிவாக இருந்தது. யூனியனில் ஒரு மேஜையில் மனு வாங்கிக்கொண்டு நிதி வந்தால் பார்ப்போம் என்றார்கள். நிதி எப்போது வரும், யார் ஒதுக்குவார்கள் என்று கேட்டதற்கு அங்கே பதில் இல்லை.

பதில் கொடுத்தது எங்கள் வார்டுக் கவுன்சிலர். முதல் தடவை ஜெயித்து வந்த பெண்மணி, அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். போன் போட்டதும் மறுநாள் காலையில் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு கரைக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு மடையடியில் இறங்கிப் பார்த்தார். கல் தூண் நல்லா இருக்கு, பலகையும் அடிக்கட்டும்தான் போச்சு, எஸ்டிமேட் சின்னதாத்தான் வரும் என்று அவரே சொன்னார். "அண்ணே, மனு உங்க பேர்ல மட்டும் வேண்டாம், ஆயக்கட்டுக்காரங்க அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, சர்வே நம்பரையும் எழுதுங்க, மீட்டிங்ல நான் பொருளாக் கொண்டு வர்றேன்" என்றார். மனு எழுதத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. அது எந்த மேஜையில் எந்த வடிவத்தில் வந்தால் பணமாக மாறும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கவுன்சிலர் என்ற பதவி எதற்காக இருக்கிறது என்பது எனக்கு அந்தக் கரையில்தான் நன்றாக விளங்கியது.

அந்தக் கூட்டத்துக்கு நானும் போனேன், அக்கா சொல்லி வைத்திருந்ததால் பின் வரிசையில் உட்கார விட்டார்கள். ஒன்றியக் குழுக் கூட்டம் எப்படி நடக்கும் என்று பார்த்தவர்கள் குறைவு, அதனால் சொல்கிறேன். நீளமான ஹால், மேஜைகளை ப வடிவத்தில் போட்டிருந்தார்கள், நடுவில் சேர்மன், பக்கத்தில் பிடிஓ, ஒரு ஓரத்தில் இன்ஜினியரும் ஓவர்சியர்களும். மற்றத் துறை ஆட்களுக்கும் அழைப்பு உண்டு, வந்தவர்கள் சிலர். ஒரு கிளார்க் எழுந்து நின்று பொருள் எண் ஒன்று, பொருள் எண் இரண்டு என்று ஒரே மூச்சில் வாசிக்கிறார். முதலில் போன மாத வரவு செலவு. பிறகு டீசல் பில், கொசு மருந்து, ஜெராக்ஸ், அலுவலக மராமத்து. அவர் வாசிக்கிற வேகத்துக்கு யாரும் காது கொடுக்க முடியாது, கவுன்சிலர்கள் கையில் இருக்கிற தாளில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்தத் தாளும் பல பேருக்கு அன்று காலையில்தான் கைக்கு வந்திருந்தது. டீயும் மிக்சரும் வருவதற்குள் முக்கால்வாசிப் பொருள் ஏகமனதாக நிறைவேறிவிட்டது.

வேலைகள் பட்டியல் வந்ததும்தான் ஹாலுக்கு உயிர் வந்தது. பொது நிதியில் இவ்வளவு இருக்கிறது, அதை வார்டுக்குச் சமமாகப் பிரிப்பதா, தேவையைப் பார்த்துக் கொடுப்பதா என்று சண்டை. ஒரு கவுன்சிலர் எழுந்து, என் வார்டில் பள்ளிக்கூடத்துக் கூரையில் கம்பி தெரிகிறது, பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்திருக்கிறார்கள், மடையா பெரிசு என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, என்னாலேயே மறுக்க முடியவில்லை. எங்கள் அக்கா விடவில்லை. மழை இன்னும் இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குக் கல்வி நிதியிலும் கேட்கலாம், இந்தக் கண்மாய்க்குக் கேட்க வேறு இடம் கிடையாது என்றார். அந்த ஒரு வாக்கியம் வேலை செய்தது. சேர்மன் ஓவர்சியரைப் பார்த்தார், ஓவர்சியர் தொகையைச் சொன்னார். இரண்டையும் எடுப்போம், மிஞ்சின தண்ணீர் வழிந்து போகிற கண்மாய்க் கலுங்கை மட்டும் அடுத்த ஒதுக்கீட்டில் பார்ப்போம் என்று முடிந்தது. கட்சி வேறு வேறாக இருந்தும் அந்தப் பள்ளிக்கூடத்துக் கவுன்சிலர் மடைக்குக் கையைத் தூக்கினார். பணம் இருக்கிற இடத்தில் யாருக்கு முதலில் என்று ஆட்கள் முகம் பார்த்துப் பேசி முடிவெடுப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். மூன்றரை மதிப்பெண்ணில் பெரும்பகுதி அதற்குத்தான்.

மிச்ச ஒன்றரையை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், இதை ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. கூட்டம் எந்தத் தேதி என்று நோட்டீஸ் பலகையில் தேடினால் கிடைக்கவில்லை. என்ன பொருள் வரப்போகிறது என்பது முன்கூட்டியே வெளியே தெரிவதில்லை. தீர்மானப் புத்தகம் ஆபீஸ் பீரோவுக்குள் இருக்கிறது. கவுன்சிலர் நல்லவராக அமைந்தால் நமக்குத் தெரியவரும், இல்லையென்றால் ஐந்து வருஷமும் தெரியாது. எங்கள் வட்டாரத்திலேயே சில பெண் கவுன்சிலர்களுக்குப் பதிலாக வீட்டுக்காரர்கள்தான் ஆபீஸுக்கு வந்து பேசிவிட்டுப் போனார்கள். 2016-லிருந்து உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டமே இருக்கிறது. அந்த நாற்காலியில் உரியவர் உட்காரவில்லை என்றால் சொல்ல வேண்டியவர்கள் சேர்மனும் பிடிஓவும்தான். வீட்டுக்காரர் வந்து நின்றால், மேடத்தை வரச் சொல்லுங்க என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும். அதைச் சொன்ன அதிகாரி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

என் சித்தப்பா மகன் கலிஃபோர்னியாவில் இருக்கிறான். அவன் வீட்டுக்குப் பக்கத்துச் சாலை விஷயமாக அங்கே கவுண்டிக் குழுக் கூட்டத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்ததாகச் சொன்னான். அதிலிருந்து அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் படித்தேன். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி, அந்த மாநிலத்தில் 58 கவுண்டிகள். சான் பிரான்சிஸ்கோ தவிர மற்றவற்றில் ஐந்து பேர் கொண்ட குழுதான் கவுண்டியை ஆள்கிறது, நான்கு வருஷப் பதவி, மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்ஜெட் போடுவது, நகர எல்லைக்கு வெளியே இருக்கும் சாலை, சிறைச்சாலை, பொதுச் சுகாதாரம் எல்லாம் அவர்கள் கையில். கவுண்டிப் போலீஸ் தலைவரான ஷெரீப்பைக்கூட மக்கள் தனியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், அது நமக்கு நினைத்துப் பார்க்கவே புதுசு. எனக்குப் பிடித்தது வேறு. 1953-ல் அங்கே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள், வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே என்னென்ன பொருள் வரும் என்பதை ஒட்டிவிட வேண்டும், பட்டியலில் இல்லாத விஷயத்தைப் பொதுவாக முடிவு பண்ணக்கூடாது, முடிவெடுப்பதற்கு முன்னால் பொதுமக்கள் பேச இடம் கொடுக்க வேண்டும். என் தம்பி அப்படித்தான் எழுந்து நின்று அவனுக்குக் கொடுத்த இரண்டு மூன்று நிமிஷத்தில் பேசியிருக்கிறான்.

அதற்காக அது சொர்க்கம் என்று சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு ஐந்தே பேர்தான், போதாது என்று 2024 நவம்பரில்தான் ஓட்டுப் போட்டு ஒன்பதாக ஆக்க முடிவு பண்ணினார்கள். ஒரு உறுப்பினருக்கு 20 லட்சம் பேர் என்றால் யார் வீட்டுக் கரைக்கு ஸ்கூட்டியில் வருவார்? அந்த நெருக்கம் நம்மிடம் இருக்கிறது, 5,000 பேருக்கு ஒருவர் என்பது பெரிய வசதி. கூட்டப் பொருளை மூன்று நாளைக்கு முன்னால் பலகையில் ஒட்டுவதற்கு நமக்கு என்ன கஷ்டம்? ஒரு தாள், கொஞ்சம் பசை. வாட்ஸ்அப்பில் போட்டால் அதுவும் வேண்டாம்.

மாவட்ட ஊராட்சியைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. மூன்று அடுக்கில் கை மெலிந்த அடுக்கு அதுதான். மாநில நிதிக் குழு மானியத்தில் ஊரகத்துக்கு வருகிற பங்கில் சின்னத் துண்டுதான் மாவட்டத்துக்கு, மற்றதெல்லாம் ஒன்றியத்துக்கும் கிராமத்துக்கும். மாவட்டத் திட்டக் குழுவுக்கு மாவட்ட ஊராட்சித் தலைவர்தான் தலைவர், கலெக்டர் துணைத் தலைவர். காகிதத்தில் நல்ல ஏற்பாடு, ஊருக்குள் யாரைக் கேட்டாலும் கலெக்டரைத்தான் தெரியும். 2020 ஜனவரியில் சிவகங்கை மாவட்ட ஊராட்சியின் 16 வார்டிலும் இரண்டு அணிக்கும் சரிபாதி கிடைத்து, தலைவர் தேர்தலே பலமுறை தள்ளிப்போனது. மஞ்சள் சீட்டில் ஓட்டுப் போட்டவர்களில் ஒருவராவது அதனால் எனக்கு இந்த வேலை கெட்டது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த அளவுக்குத்தான் அந்த அடுக்குக்கும் நமக்கும் ஒட்டு இருக்கிறது.

முன்னாடி இப்படி இல்லை. வயசானவர்கள் இன்னும் ஜில்லா போர்டு ரோடு, ஜில்லா போர்டு பள்ளிக்கூடம் என்று பேசுவார்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அப்போது ராமநாதபுரம் ஜில்லா. 1920-களின் கடைசியில் அந்த ஜில்லா போர்டுக்குத் தலைவராக இருந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், சென்னையில் பாண்டி பஜார் என்கிறோமே, அவர் பெயர்தான். தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மாட்டேன் என்று சொன்ன பஸ்காரர்களுக்கு உரிமம் ரத்து என்று அவர் உத்தரவு போட்டார். ஒரு போர்டுத் தலைவர் ஒரு உத்தரவில் ஜில்லா முழுக்க யார் பஸ்ஸில் ஏறலாம் என்பதை மாற்ற முடிந்திருக்கிறது. 1958-ஆம் வருஷச் சட்டங்களோடு ஜில்லா போர்டுகள் போய், யூனியன்கள் வந்தன. யூனியன் வந்தது நல்லதுதான், கண்மாய் அளவுக்கு இறங்கி வேலை செய்ய அதுதான் சரியான அளவு. ஆனால் மாவட்ட அளவில் அந்த மாதிரித் துணிச்சலுக்கு இன்றைக்குத் தேர்ந்தெடுத்த ஆட்களிடம் அதிகாரமே விட்டு வைக்கவில்லை என்பது எனக்கு மனக்குறை.

கிராம ஊராட்சியில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று, தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு. ஒரு ஆள் இஷ்டத்துக்குச் செலவு பண்ணாமல் இருக்க இது நல்ல பூட்டு. அதே சமயம் இரண்டு பேருக்கும் ஆகவில்லை என்றால் தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்குக்கூடக் காசு வராது, டேங்க் ஆபரேட்டர் சம்பளம் நிற்கும். பல ஊரில் இந்தச் சண்டையைப் பார்த்திருப்பீர்கள். துணைத் தலைவரை வார்டு மெம்பர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் வெள்ளைச் சீட்டை அலட்சியமாகப் போடாதீர்கள். ஓட்டு எண்ணிக்கையில் கோளாறு வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் காரைக்குடிக்குப் பக்கத்தில் சங்கராபுரம் உதாரணம். 2020 ஜனவரியில் தலைவர் தேர்தலில் ஒருவர் வென்றதாக அறிவித்து, பிறகு இன்னொருவர் வென்றதாகவும் அறிவித்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. அவ்வளவு பெரிய ஊராட்சிக்குத் தலைவர் யார் என்ற கேள்வி வருஷக்கணக்காகக் கோர்ட்டில் நின்றது. அந்த ஊர் இப்போது காரைக்குடி மாநகராட்சிக்குள் போய்விட்டது.

கிராம சபையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. மக்கள்தொகை 501-லிருந்து 3,000 வரை இருக்கும் ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்கள்தான் அந்த நூறை நிரப்புகிறார்கள். சொந்த வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், வீட்டு வரி இணையத்திலேயே கட்டிவிடுகிறார்கள், அது நல்ல வசதி, அதற்கு முழு மதிப்பெண். ஆனால் கூட்டத்தில் பேசுகிற வாய் உள்ளூரில் இருப்பவர்களுடையதுதான். வரவு செலவை வாசிக்கும்போது புளியமர ஏலம் எவ்வளவு போச்சு, மீன் பாசிக் குத்தகைப் பணம் எதில் வரவு வைத்திருக்கிறீர்கள் என்று எங்கள் ஊரில் கேட்பது அந்தப் பெண்கள்தான். கேட்கவும் தெரியும், கணக்கும் தெரியும்.

இப்போது தனி அலுவலர் காலத்துக்குக் கொடுத்த ஒன்றரை மதிப்பெண்ணுக்கு வருகிறேன். 2016 அக்டோபரில் உயர் நீதிமன்றம் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அதோடு பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஓட்டுப் போடுகிற வரைக்கும் மூன்று வருஷம் கவுன்சிலர் கிடையாது, தலைவர் கிடையாது. தேர்ந்தெடுத்த அமைப்பு இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. அப்புறம் வந்த குழுவின் ஐந்து வருஷம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது, மறுபடியும் தனி அலுவலர்கள். நான் தனி அலுவலர்களைக் குறை சொல்லவில்லை. பிடிஓவுக்கு ஒன்றியம் முழுக்க எத்தனையோ ஊராட்சி, எத்தனையோ திட்டம், ஒவ்வொரு நாளும் மேலே இருந்து ஒரு அறிக்கை கேட்கிறார்கள். அவர் எங்கள் கீழ்மடைக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. அவர் கலெக்டர் ஆபீஸுக்குப் பதில் சொல்கிறவர். எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒருவர் அந்த மேஜையில் இல்லை, அதுதான் வித்தியாசம். குழு இருந்தபோது மனு கொடுத்தால் அதற்காகச் சண்டை போட ஒருவர் இருந்தார். குழு இல்லாதபோது மனுவுக்கு ஒரு எண் கிடைக்கும், அவ்வளவுதான்.

கீழ்மடை வேலை நடந்து முடிந்தது, பலகை புதுசு, அடிக்கட்டு சிமென்டில் போட்டிருக்கிறார்கள், அடுத்த மழையில் தண்ணீர் நின்றது, பின்பட்டத்து நெல்லும் தப்பியது. கலுங்கு அப்படியே இருக்கிறது. அதற்கான தீர்மானம் புத்தகத்தில் இருக்கிறது, நிதி ஒதுக்குவதற்குள் குழுவின் காலம் முடிந்துவிட்டது. தனி அலுவலரிடம் தீர்மானத்தைக் காட்டிக் கேட்டோம். பார்க்கிறேன் என்றார், மரியாதையாகத்தான் பேசினார்.

யூனியனில் வேலை இருக்கிறவர்களுக்கு, என் அனுபவத்தில் பயன்பட்டவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில் அது கிராம ஊராட்சி வேலையா, யூனியன் வேலையா என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவருக்கு நிச்சயமாகத் தெரியும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள், அன்று பிடிஓ சீட்டில் இருப்பாரா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், இல்லையென்றால் பஸ் காசு வீண். மனுவில் சர்வே எண், வார்டு எண், போட்டோ, நாலு பேர் கையெழுத்து இருக்கட்டும். ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். தீர்மானம் ஆகிவிட்டது என்று யாராவது வாயால் சொன்னால் அதோடு விடாதீர்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்கும்போது கூட்டம் நடந்த தேதியையும் பொருள் எண்ணையும் குறிப்பிட்டு, தீர்மானம், எஸ்டிமேட், நடந்த வேலையை அளந்து எழுதுகிற அளவுப் புத்தகம் மூன்றின் நகலும் வேண்டும் என்று எழுதுங்கள். பொதுவாக எங்கள் ஊர் வேலை விவரம் தருக என்று எழுதினால் பொதுவான ஒரு பதில்தான் வரும், தேதியும் எண்ணும் போட்டால் அந்தப் பக்கத்தையே எடுத்துக் கொடுத்தாக வேண்டும்.